கோல்டனா, டார்க்கா, இல்லை கருப்பட்டிப் பாகே போதுமா?

போன மாதம் குன்னூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர். "அக்கா, மேப்பிள் சிரப் வாங்கப் போனேன். ஒரே கம்பெனி, ஒரே அளவு பாட்டில். ஒன்றில் கோல்டன் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் டார்க். வெளிறியதுதான் ஒசத்தி என்கிறார் கடைக்காரர். கறுப்பில்தான் சத்து என்கிறாள் என் தங்கை. எதை வாங்கட்டும்?"

அதே வாரம் கோத்தகிரியில் எங்கள் ஹோம்ஸ்டேயில் தங்கியிருந்த குடும்பத்தில் ஒரு பாட்டி, பேரனின் ராகி பான்கேக்கில் நான் சிரப் ஊற்றுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவ்வளவு தேன் கிடைக்கிற மலையில இது எதுக்கும்மா?" இரண்டு கேள்விக்கும் சேர்த்தே இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

இந்த மலையில் கிரேடு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குத் தேயிலை ஃபேக்டரிதான் நினைவுக்கு வரும். குன்னூர் ஏலத்துக்குப் போகும் மூட்டைகளில் பிஓபி (புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ), டஸ்ட் என்று எழுதியிருப்பது தரவரிசை அல்ல. தூள் எந்தச் சல்லடையில் நின்றது, எதில் இறங்கியது என்பதற்கான பெயர். டஸ்ட் என்றதும் சுற்றுலா வந்தவர்கள் கூட்டி அள்ளியது என்று நினைத்து முகம் சுளிப்பார்கள். டீக்கடைக்காரரோ அதைத்தான் கேட்டு வாங்குவார். சட்டென்று இறங்கும், நிறம் கொடுக்கும். அவருக்கு வேண்டியது அது. (ஆரஞ்சு பீக்கோவில் ஆரஞ்சுப் பழம் கிடையாது என்பதையும் வருஷத்துக்குப் பத்துப் பேரிடமாவது சொல்கிறேன்.) மேப்பிள் சிரப்பின் கிரேடும் ஏறக்குறைய இந்த ரகம்தான்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, சிரப் எங்கே போகப் போகிறது? தட்டில் மேலே ஊற்றவா, மாவில் கலந்து அடுப்பில் வைக்கவா? முக்கால்வாசி முடிவு இதிலேயே வந்துவிடும்.

இரண்டாவது விலை. பாட்டில் விலையைப் பார்க்காதீர்கள், 100 மில்லிக்கு எவ்வளவு என்று பாருங்கள். இதில் ஒரு சின்னக் கண்கட்டு இருக்கிறது. மேப்பிள் சிரப்பை மில்லியில் விற்கிறார்கள், தேனைக் கிராமில். 250 மில்லி சிரப்பின் எடை சுமார் 330 கிராம். 250 கிராம் தேனை அளந்து ஊற்றினால் சுமார் 175 மில்லிதான் வரும். இரண்டு பாட்டிலிலும் 250 என்று இருப்பதால் சமம் என்று நினைத்துவிடுகிறோம். கணக்குப் போட்டாலும் வெளிநாட்டுச் சரக்கு விலை கூடுதல்தான், ஆனால் முதலில் தெரிந்த அளவு கூடுதல் இல்லை.

மூன்றாவது, திறந்த பாட்டில் எத்தனை நாளில் தீரும்? நான்காவது, யார் சாப்பிடப் போகிறார்கள்? வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், சர்க்கரை நோயாளி இருக்கலாம், விருந்தாளி தேன்கூடத் தொடாத வீகனாக இருக்கலாம்.

## கிரேடு என்றால் உண்மையில் என்ன

கனடாவின் கியூபெக், அமெரிக்காவின் வெர்மான்ட் பக்கங்களில் குளிர்காலம் முடியும் நேரம். இரவில் தண்ணீர் உறையும், பகலில் உருகும். அந்தச் சில வாரங்களில் மேப்பிள் மரத்தில் துளையிட்டுக் குழாய் செருகினால் உள்ளிருந்து நீர் சொட்டும். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். அதில் சர்க்கரை சுமார் 2 சதவீதம். ஒரு லிட்டர் சிரப்புக்கு ஏறக்குறைய 40 லிட்டர் நீரைக் காய்ச்சிச் சுண்டவைக்க வேண்டும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பாதி விடை இது.

பருவத்தின் தொடக்கத்தில், குளிர் இன்னும் விடாதபோது வடியும் நீர் சுத்தமாக இருக்கும். காய்ச்சினால் வெளிறிய பொன்னிறத்தில் வரும். நாள் போகப்போக வெயில் ஏறும், நீரில் நுண்ணுயிர்கள் பெருகும், அவை சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும். உடைந்த சர்க்கரை காயும்போது சீக்கிரம் நிறம் மாறும், மணமும் அடர்த்தியாகும். பருவக் கடைசிச் சிரப் கறுத்து வருவது இதனால்தான்.

பனங்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் பதநீர் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே சுண்ணாம்பு பார்க்கும் வேலையை அங்கே குளிர் பார்க்கிறது. குளிர் விட்டதும் பிடியும் விட்டுப்போகிறது.

ஆக, கிரேடு பிரிப்பது நிறத்தை வைத்து. சிரப்பின் வழியாக ஒளியைச் செலுத்தி எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளப்பார்கள். 75 சதவீதமோ அதற்கு மேலோ ஊடுருவினால் கோல்டன். 50 முதல் 75 வரை ஆம்பர். 25 முதல் 50 வரை டார்க். 25க்கும் கீழே போனால் வெரி டார்க். நான்குமே இன்று 'கிரேடு ஏ'தான். கடைக்கு வரும் எல்லாப் பாட்டிலிலும் கிரேடு ஏ இருக்கும், அதைப் பார்த்து மயங்க ஒன்றுமில்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லைப் படியுங்கள்.

கடைக்காரரின் "வெளிறியதுதான் ஒசத்தி" எங்கிருந்து வந்தது? அவரைக் குறை சொல்ல முடியாது. முன்பு வெர்மான்ட்டில் வெளிறியதற்கு 'ஃபேன்சி' என்று பெயர், கறுத்தது 'கிரேடு பி'. கனடாவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட மார்க் மாதிரி இருந்தால் யார்தான் பி வாங்குவார்கள்? சமையல் தெரிந்தவர்கள் அந்த பி-யைத்தான் தேடி வாங்கினார்கள் என்பது வேறு கதை. 2014, 2015 வாக்கில் இரு நாடுகளும் பழைய பெயர்களை விட்டுவிட்டு, நிறத்தோடு சுவையையும் சேர்த்து எழுதத் தொடங்கின. பழைய சமையல் குறிப்பில் கிரேடு பி என்று இருந்தால் இன்றைக்கு டார்க் அல்லது வெரி டார்க் வாங்குங்கள்.

சரி, தங்கை சொன்ன சத்து? கறுத்த சிரப்பில் தாதுக்கள் கொஞ்சம் கூடுதல், மாங்கனீசு நன்றாகவே இருக்கிறது. ஆனால் எல்லாக் கிரேடிலும் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. டார்க்கில் சர்க்கரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பாகு கெட்டியும் இல்லை. சுண்டவைக்கும் பதம் நான்குக்கும் ஒன்றுதான். சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்றால் அது கீழே கிடக்கும் ராகியில் இருக்கிறது, மேலே ஊற்றும் சிரப்பில் தேட வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இது நல்லது என்று யாராவது சொன்னால் பாட்டிலைத் திருப்பிச் சத்துப் பட்டியலைக் காட்டுங்கள்.

இன்னொன்று. ஒரே சிரப் சின்ன, தட்டைப் பாட்டிலில் வெளிறித் தெரியும், உருண்டையான பெரிய பாட்டிலில் கறுத்துத் தெரியும். கடை அலமாரியில் இரண்டு கம்பெனிப் பாட்டில்களைப் பக்கத்தில் வைத்து நிறம் ஒப்பிடுவது வீண் வேலை.

## கோல்டனும் ஆம்பரும்

கோல்டன் மெல்லிய சுவை. வனிலா ஐஸ்கிரீம், கெட்டித் தயிர், வெறும் தோசை மாதிரி மறுபேச்சு பேசாத பதார்த்தங்களுக்கு. காபியில் விட்டால் இனிப்பு மட்டும்தான் மிஞ்சும். முதல் தடவை வாங்கியபோது இதைத்தான் வாங்கினேன், விலை கூடுதலாக இருந்ததால் உசத்தியாகத்தான் இருக்கும் என்று. அதைக் கொண்டுபோய் ராகி வாழைப்பழக் கேக்கில் ஊற்றினேன். வெந்து வந்தபோது மேப்பிள் வாசம் ஒரு துளி இல்லை. அந்தக் காசுக்கு வெல்லம் போட்டிருந்தால் ஊருக்கே கேக் கொடுத்திருக்கலாம்.

ஆம்பர் நடுவாந்திரம். பான்கேக் மேலே ஊற்ற, வாஃபிளுக்கு, காலை ஓட்ஸுக்கு. ஒரே ஒரு பாட்டில்தான், எதற்கு என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் இது.

## டார்க்கும் வெரி டார்க்கும்

நான் சமையலறையில் வைத்திருப்பது டார்க். மாவு, வெண்ணெய், முட்டை, அடுப்புச் சூடு எல்லாவற்றையும் தாண்டி வாசம் நிற்க வேண்டுமென்றால் அதற்கு இதுதான் தாங்கும். ராகி, கோதுமை, பட்டை, சுக்கு, வறுத்த முந்திரி எல்லாமே சொந்தக் குரல் உள்ள சாமான்கள். கோல்டனின் குரல் அவற்றுக்கு நடுவே கேட்காது. கட்டஞ்சாயாவில் (பால் விடாத டீ) ஒரு ஸ்பூன் டார்க் விட்டுப் பாருங்கள், மழை நாளில் நன்றாக இருக்கும். வர்க்கி மேலேயும் ஊற்றிப் பார்த்தேன். அது வேண்டாம், வர்க்கிக்கு டீயே போதும்.

வெரி டார்க்கை நேரடியாகச் சாப்பிட்டால் சிலருக்குக் கசப்பு தட்டும். இறைச்சிக்குப் பூச, கிரானோலா வறுக்க, சாஸில் கலக்க நல்லது. நம் ஊர்க் கடைகளில் அரிதாகத்தான் கண்ணில் படுகிறது.

கேக்கில் போடும்போது மறைந்திருக்கும் ஒரு செலவு, செய்முறையை மாற்ற வேண்டும். ஒரு கப் சர்க்கரைக்குப் பதில் முக்கால் கப் சிரப் ஊற்றி, குறிப்பில் உள்ள பால் அல்லது தண்ணீரில் மூன்று டேபிள்ஸ்பூன் குறைத்துக்கொள்ளுங்கள். அப்படியே மாற்றிப் போட்டால் நடுவில் வேகாது. முதல் இரண்டு கேக் வீணாகும் என்று இப்போதே கணக்கில் சேர்த்துவிடலாம். எனக்கு மூன்று.

எந்தக் கிரேடாக இருந்தாலும் திறந்தபின் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். "கோத்தகிரி குளிரே ஃபிரிட்ஜ்தானே" என்று நானும் நினைத்தேன். ஆடி மாத ஈரத்தில் மேலே பூசணம் பூத்தது. தேன் மாதிரி வெளியில் வைத்தால் தாங்காது. ஃப்ரீசரில் வைத்தாலும் கல்லாக உறையாது, எனவே மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும் எடுப்பவர்கள் அங்கேயே வைக்கலாம்.

## 'பான்கேக் சிரப்' என்று எழுதிய பாட்டில்

மேப்பிள் இலைப் படம் பெரிதாக இருக்கும், மேப்பிள் இருக்காது. பின்பக்கம் பாருங்கள்: சோளச் சிரப் அல்லது சர்க்கரைப் பாகு, காரமல் நிறம், மேப்பிள் வாசனை, கெடாமல் இருக்க ஏதோ ஒன்று. உண்மையான சிரப்பின் சேர்மானப் பட்டியலில் மேப்பிள் சிரப் என்ற ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கெட்டியாக, மெதுவாக ஒழுகினால் அசல் என்று நினைப்பவர்களை ஏமாற்றுவது இதுதான். அசல் சிரப் தேனைவிட நீர்த்து ஓடும்.

குழந்தைகள் பிறந்தநாளுக்கு ஐம்பது பேருக்கு ஊற்ற வேண்டும், விலை மட்டுமே கணக்கு என்றால் வாங்கலாம். நான் வாங்கமாட்டேன். அந்த விலைக்குக் கருப்பட்டி இருக்கிறது.

## மலைத்தேன்

பாட்டிக்குச் சொல்ல வேண்டிய பதில். தேனும் மேப்பிளும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. தேனுக்குப் பூவின் வாசம், மேப்பிளுக்கு மரமும் அடுப்புப் புகையும் கலந்த மாதிரி ஒரு வாசம். தேன் இனிப்பிலும் ஒரு படி மேலே, அதனால் கை அளவாக ஊற்ற வேண்டும்.

கோடையில் குறும்பர்களும் இருளர்களும் பாறை விளிம்பிலிருந்து கொடிக் கயிற்றில் இறங்கி மலைத்தேனீக் கூடுகளிலிருந்து எடுக்கும் தேன் ஒரு ரகம். மரப்பொந்திலிருந்து எடுப்பது, கொம்புத்தேன், துளியூண்டு கிடைக்கும் கொசுத்தேன் என்று மற்றவை வேறு. இங்கேயும் அதே நிறச் சண்டை. நாவல் பூத்த காலத்துத் தேன் கறுத்து, அடிநாக்கில் கசக்கும். அதைப் பழசு, காய்ச்சியது என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. எந்தப் பூவில் தேனீ உட்கார்ந்தது என்பதுதான் அந்த நிறம். மார்கழிக் குளிரில் தேன் உறைந்து சர்க்கரை மாதிரி ஆனால் அது போலி என்பதும் தப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகும். தண்ணீரில் சொட்டுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது எல்லாம் வேடிக்கைக்கு. சோதனை ஆகாது.

தேன் வெல்லும் இடம் சூடாகாத உணவு: பழத்தட்டு, தயிர், தினைமாவு, ரொட்டி. அடுப்பில் வைத்தால் பூ வாசம் போய்விடும், கேக்கின் மேல்பாகம் சீக்கிரம் கருகும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ஒரு துளிகூடக் கொடுக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்து அவர்கள் குடலில் வளர்ந்து விஷமாகலாம். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் இதைச் சொன்னால் கோபம் வருகிறது. வந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

## கருப்பட்டிப் பாகு

பனைமரம் இந்த உயரத்தில் கிடையாது. கருப்பட்டி கீழேயிருந்து, உடன்குடிப் பக்கத்திலிருந்து ஏறி வருகிறது. ஆனால் மேப்பிள் சிரப்புக்கு நெருங்கிய சொந்தம் தேன் அல்ல, இதுதான். இரண்டும் மரத்து நீரைக் காய்ச்சியது. டார்க்கில் இருக்கும் அந்தக் கரிந்த இனிப்பு கருப்பட்டியில் இன்னும் பலமாக, கொஞ்சம் உப்புக் கலந்தாற்போல இருக்கும்.

உடைத்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, கட்டாயம் வடிகட்டி (மண் இருக்கும்), மறுபடி கொதிக்கவிட்டுப் பாகாக்க வேண்டும். இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. சிரப் பதத்துக்கு 104 டிகிரி வரை காய்ச்சு என்று ஒரு குறிப்பில் படித்துவிட்டு, தெர்மாமீட்டரும் கையுமாக நின்று அப்படியே செய்தேன். ஆறியதும் ஜாடியிலிருந்து கரண்டியே வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது. 104 என்பது கடலோரக் கணக்கு, தண்ணீர் கொதிக்கும் 100க்கு மேல் 4. கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இங்கே 98 போதும். கொதிநிலைக்கு மேல் நாலு டிகிரி ஏற்ற வேண்டிய இடத்தில் நான் பத்து டிகிரி ஏற்றியிருக்கிறேன். உங்கள் ஊரில் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்துகொள்ளுங்கள், அதற்கு மேல் 4 டிகிரி. மேப்பிள் காய்ச்சுகிறவர்களும் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு, சர்க்கரை கலந்த கருப்பட்டி. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் அதுவாகத்தான் இருக்கும். பாகை ஃபிரிட்ஜில் வைத்து, பதினைந்து நாளைக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கு மட்டும் காய்ச்சுங்கள். எரிவாயுவையும் உங்கள் அரைமணி நேரத்தையும் கூட்டினாலும் இதுதான் மலிவு.

## ஒரே பார்வையில்

| எது | சுவை | எங்கே வெல்லும் | காசு எங்கே ஒழுகும் |
|---|---|---|---|
| கோல்டன் | மெல்லியது | ஐஸ்கிரீம், தயிர் | கேக்கில் போட்டால் மொத்தமும் |
| ஆம்பர் | நடுவாந்திரம் | பான்கேக், ஓட்ஸ் | திறந்து மறந்துவிட்டால் பூசணம் |
| டார்க் | அழுத்தம் | கேக், ராகி, கட்டஞ்சாயா | செய்முறை பழகும்வரை வீணாகும் மாவு |
| பான்கேக் சிரப் | வெறும் இனிப்பு | பெரிய கூட்டம் | மேப்பிள் என்று நினைத்து வாங்கினால் |
| மலைத்தேன் | பூ வாசம் | சூடாகாத உணவு | அடுப்பில் வைத்தால் வாசம் போகும் |
| கருப்பட்டிப் பாகு | ஆழம், லேசான உப்பு | ராகி, ஆப்பம், பணியாரம் | கலப்படம், காய்ச்சும் நேரம் |

இங்கேயும்தான் உறைபனி விழுகிறது, மேப்பிளை நட்டால் என்ன என்று ஊட்டியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நட்டு வளர்ந்து துளையிடும் பருமனுக்கு வர முப்பது, நாற்பது வருஷம் ஆகும். அதன் பிறகும் பனி இரவும் உருகும் பகலும் வாரக்கணக்கில் மாறி மாறி வர வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு எழுதிவைத்துவிட்டு நடலாம்.

குன்னூர்க்காரரிடம் என்னென்ன கேக் விற்கிறீர்கள் என்று கேட்டேன். ராகி வாழைப்பழம், கேரட், பட்டை ரோல். மூன்றுக்குமே டார்க், அதுவும் 250 மில்லி மட்டும் என்றேன். மூடியில் திறந்த தேதியை மார்க்கரில் எழுதி ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேன். 'மேப்பிள் கேக்' என்று பெயர் போட்டு விற்பதாக இருந்தால்தான் அதுவும். வெறும் ராகி கேக் என்று விற்பதானால் கருப்பட்டியே போதும், லாபமும் நிற்கும்.

பாட்டிக்கு மறுநாள் காலை மூன்று கிண்ணம் வைத்தேன்: டார்க், தேன், கருப்பட்டிப் பாகு. எது எது என்று சொல்லவில்லை. தேனை உடனே கண்டுபிடித்துவிட்டார். மற்ற இரண்டையும் மாற்றி மாற்றி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, டார்க்கைக் காட்டி, "இது யாரோ தண்ணி கூட ஊத்தின கருப்பட்டி" என்றார். பேரன் அதற்குள் பாகுக் கிண்ணத்தைக் காலி செய்திருந்தான்.